அப்பாவுக்கு அணை, பசங்களுக்குப் புலி

வீட்டுக்குப் பேப்பர் வந்ததும் அப்பா தலைப்புச் செய்தி பக்கம் போகமாட்டார். உள்ளே ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அணை நீர்மட்டத்தைத்தான் தேடுவார். சோலையாறு 160 அடிக்கு எவ்வளவு, பரம்பிக்குளம் 72 அடிக்கு எவ்வளவு, ஆழியாறு 120க்கு எவ்வளவு. பார்த்துவிட்டு, "இந்த மண்டலத்துக்கு நாலு சுத்து வந்துரும்" என்றோ, "ரெண்டு சுத்துக்கே இழுபறிதான்" என்றோ அம்மாவிடம் சொல்வார். சுத்து என்றால் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஒரு தடவை. அம்மா காதிலேயே வாங்கமாட்டாள். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். உடுமலைப் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் ஷட்டரை ஏற்றி இறக்குவது, மடை மடையாக சைக்கிளில் சுற்றுவது, ராத்திரியில் டியூப் போட்டு வாய்க்கால் தண்ணீரை உறிஞ்சுகிறவர்களோடு மல்லுக்கட்டுவது என்று சர்வீஸ் முழுக்க ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் கணக்கு மட்டும் விடவில்லை.

அந்தத் தண்ணீர் கிளம்புகிற பரம்பிக்குளம் அணையை அவர் பார்த்ததே இல்லை. ஒருமுறை அங்கே மாற்றல் வரும்போல இருந்தது. "யானைக் காட்டுல கொண்டுபோயி வெச்சுப் பசங்கள வளக்க முடியாது" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அதோடு போயிற்று.

இப்போது தம்பியின் இரண்டு பிள்ளைகளும் என் மகனும் சேர்ந்துகொண்டு சஃபாரி, சஃபாரி என்று பிடுங்குகிறார்கள். புலி பார்க்க வேண்டுமாம். அதுவும் நடுரோட்டில் நடந்து வருகிற புலி. போனில் வருகிற வீடியோவிலெல்லாம் அப்படித்தானே வருகிறது. இவர்களுக்குக் காடு, அப்பாவுக்கு அணை. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்போது வேறெங்கே தேடுவது? பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் என்று நான் சொன்னதும் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அங்க நம்மள உடுவாங்களா அம்மணி?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான்தான் திட்ட அதிகாரி.

ஆபீசில் சொன்னபோது கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "புலின்னா கபினிக்குப் போங்க மேடம்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. கர்நாடகாவில் பந்திப்பூர், நாகரஹோளே காடுகளுக்கு நடுவே இருக்கும் கபினியில் வெயில் காலத்தில் அணைத் தண்ணீர் இறங்க இறங்க, கரையெல்லாம் புல் முளைத்து யானைக்கூட்டம் வந்து நிற்கும். சுற்றிலும் இலையுதிர் காடு, பார்வைக்குத் தடை குறைவு. பரம்பிக்குளம் அப்படியில்லை. தேக்கு, மூங்கில், அதற்கு மேலே ஏறினால் பசுமை மாறாக் காடு, சரிவு. பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் தெரியாது. ஆனால் கபினிக்கு நாங்கள் போவதென்றால் ஒன்று திம்பம் வழியாக 27 வளைவு ஏற வேண்டும், இல்லாவிட்டால் நீலகிரி இ-பாஸ் எடுத்து ஊட்டி, கூடலூர், முதுமலை என்று சுற்ற வேண்டும். முதுமலை – பந்திப்பூர் ரோட்டை ராத்திரி 9 மணிக்கு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். போதாததற்கு 2025 நவம்பரில், அந்தப் பக்கத்துக் கிராமங்களில் புலி தாக்கி ஆட்கள் இறந்ததைத் தொடர்ந்து, பந்திப்பூர், நாகரஹோளே இரண்டிலும் சஃபாரியையே கர்நாடக அரசு நிறுத்தி வைத்தது. ஒரு காட்டுக்குப் போக நினைத்தால் முதல் கேள்வி "என்ன பார்க்கலாம்" என்பதில்லை, "திறந்திருக்கிறதா" என்பதுதான். அதைக் கேட்காமல் ரூம் போடாதீர்கள்.

பரம்பிக்குளத்தின் இருப்பே ஒரு வேடிக்கை. ஊர் கேரளாவில், பாலக்காடு மாவட்டம், முதலமடை பஞ்சாயத்து. ஆனால் பாலக்காட்டிலிருந்து அங்கே போக கேரளாவுக்குள்ளேயே ஒரு நல்ல ரோடு கிடையாது. அவர்கள் தமிழ்நாட்டுக்குள் வந்து, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்சிலிப் என்று ஏறி, ஆனப்பாடியில் மறுபடி தங்கள் மாநிலத்துக்குள் நுழைய வேண்டும். நமக்கு ஒரு எல்லை, அவர்களுக்கு இரண்டு. சுற்றுலா வருகிறவர்களுக்கு இது ஒரு சுவாரசியம், அவ்வளவுதான். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அப்படியில்லை. பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகக்கூட அடுத்த மாநிலத்தின் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. கொரோனா சமயத்தில் எல்லையில் கெடுபிடி வந்ததும், 2020 அக்டோபரில் பரம்பிக்குளம் பக்கத்துத் தேக்கடிக் குடியிருப்பின் பழங்குடி மக்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, கேரளாவுக்குள்ளேயே இருக்கும் செம்மணாம்பதிக்குக் காட்டு வழியே தாங்களே பாதை வெட்ட இறங்கிவிட்டார்கள். (இந்தத் தேக்கடி வேறு, குமுளிக்குப் பக்கத்தில் இருக்கும் தேக்கடி வேறு. மேப்பில் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும், கவனம்.)

அணைகளின் கதை இதற்கு நேர் எதிர். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றும் இருப்பது கேரள மண்ணில். நிர்வாகம் தமிழ்நாட்டு நீர்வளத் துறை, முன்பு அது அப்பாவின் பொதுப்பணித் துறையோடு இருந்தது. 1958 நவம்பர் 9 முதல் நடைமுறை என்று போட்டு, 1970இல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று அதில் ஒரு ஷரத்து உண்டு. அப்பாவிடம் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சாப்பாடு ஆறிவிடும். பரம்பிக்குளத்திலிருந்து சுரங்க வழியாகத் தூணக்கடவு, அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் இறங்கி சர்க்கார்பதி பவர் ஹவுஸ், அப்புறம் மலையை ஒட்டியே காண்டூர் கால்வாயில் ஓடித் திருமூர்த்தி அணை. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து இந்தத் தண்ணீரை விடுகிறார்கள். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தின் மூன்று மதகில் நடு மதகு ஷட்டர் உடைந்து, தண்ணீர் முழுக்க சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தபோது, அப்பா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. யாரோ தெரிந்தவர்கள் ஐசியூவில் இருப்பது மாதிரி ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த மதகை நேரில் பார்க்க வேண்டுமாம். சரி, பார்த்துவிடலாம்.

இனி திட்டத்துக்கு வருகிறேன்.

ஒரே நாளில் போய்வரலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பொள்ளாச்சியிலிருந்து பரம்பிக்குளத்துக்கு அரசு பஸ்கூட ஓடுகிறது. ஆனப்பாடியில் இறங்கி டிக்கெட் எடுத்து, வனத்துறை வேனில் ஏறினால், கூட வழிகாட்டி ஒருவர் வருவார். தூணக்கடவு, கன்னிமாரா தேக்கு, அணை, வியூ பாயிண்ட் என்று சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் என் கருத்தில், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இப்படிப் போவது வீண். வீட்டிலிருந்து கிளம்பி, பொள்ளாச்சியில் டிபன் முடித்து, செக்போஸ்ட்டில் நின்று, வேனுக்குக் காத்திருந்து உள்ளே போகும்போது உச்சி வெயில் ஆகிவிடும். அந்த நேரத்தில் எந்த மிருகம் ரோட்டோரம் நிற்கும்? நிழலில் படுத்து அசை போடும். விடியற்காலையும் சாயங்காலமும்தான் காடு நடமாடுகிற நேரம். அந்த இரண்டு நேரமும் உள்ளே இருக்க வேண்டுமென்றால் உள்ளே தங்கியாக வேண்டும். வேறு வழியில்லை.

தங்க இடம் எல்லாம் கேரள வனத்துறையுடையதுதான். ஆனப்பாடியில் கூடாரக் குடில்கள், ஹனிகோம்ப் என்று ஒரு கட்டடம், மரத்தின் மேல் கட்டிய குடில், நீர்த்தேக்கத்துக்கு நடுவே வீட்டிக்குன்னு தீவில் ஒரு பங்களா என்று வகை வகையாக வைத்திருக்கிறார்கள். தங்கும் பேக்கேஜிலேயே சாப்பாடு, சஃபாரி, வழிகாட்டி எல்லாம் அடங்கும். எதெது எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை, அது மாறிக்கொண்டே இருக்கும். காப்பகத்தின் சொந்தத் தளத்திலேயே பார்த்து புக் செய்யுங்கள். நடுவில் ஒரு டிராவல்ஸ்காரர் என்னிடம், "நம்ம மூலமா போனா புலி கேரண்டிங்க" என்றார். கேரண்டி என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம்.

மரக்குடிலுக்குப் பிள்ளைகள் மூவரும் ஏகமனதாக ஓட்டுப் போட்டார்கள். அம்மாவின் முழங்கால் எதிர்த்து ஓட்டுப் போட்டது. அப்பாவுக்கு ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும், மரத்திலிருந்து இறங்கும் பேச்சே இல்லை. தீவு பங்களா என்றால் படகு, அதற்கும் அம்மா தலையாட்ட மாட்டாள். கடைசியில் ஆனப்பாடி கூடாரம். தரையோடு இருக்கிறது, உள்ளேயே பாத்ரூம், ராத்திரி வாசலுக்கு மான் வருமாம். மான் என்றதும் அம்மா சமாதானமாகிவிட்டாள். அதே வாசலுக்குக் காட்டுப்பன்றியும் வரும் என்பதை நான் சொல்லவில்லை.

எப்போது போவது என்பதில்தான் அதிக நாள் யோசித்தேன். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. காடு பார்க்க அழகு, ஆனால் அட்டை காலில் ஏறும். மழை விட்ட பிறகு எங்கும் பச்சை, புல் ஆள் உயரம் நிற்கும், உள்ளே எதுவும் தெரியாது. டிசம்பர் கடைசி என்றால் நம் பள்ளிக்கூடத்து அரையாண்டு லீவும் கேரளாவின் கிறிஸ்துமஸ் லீவும் சேர்ந்து இடமே கிடைக்காது. பொங்கல் லீவில் டாப்சிலிப் நிரம்பி வழியும். கோழிகமுத்தி முகாமில் யானைகளை அலங்கரித்துப் பொங்கல் வைப்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். தை கடைசியில் போனால் தேக்கு இலை உதிர்த்துக் காடு கொஞ்சம் வெளுத்திருக்கும், பார்வை உள்ளே வரை போகும். ஓடைகள் வற்றத் தொடங்குவதால் மிருகங்களும் அணைத் தண்ணீருக்கு இறங்கும். இன்னும் தள்ளி மாசி, பங்குனி என்று போனால் காட்டுத்தீ பயம் வந்து எப்போது வேண்டுமானாலும் கேட்டை மூடிவிடுவார்கள். ஆக தை கடைசி, அதிலும் வார நாள். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். "காரணம்: புலி" என்று எழுதட்டுமா என்று தம்பி மகள் கேட்கிறாள்.

வழியில் ஆனைமலையில் மாசாணியம்மன் கோவில் இருக்கிறதே. அதைத் தாண்டிப் போகும்போது நிறுத்தாமல் போனால் அம்மாவோடு அப்புறம் குடும்பம் நடத்த முடியாது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை என்றால் அங்கே கூட்டத்தில் அரை நாள் போய்விடும். அதனால் கிளம்புவது புதன்கிழமை. இதற்கு நான் காலண்டரோடு ஒரு மாலைப்பொழுதே உட்கார்ந்தேன். காட்டுக்கான அனுமதியைவிட இந்த அனுமதி வாங்குவதுதான் சிரமம்.

சேத்துமடையில் தமிழ்நாடு வனத்துறை செக்போஸ்ட். அங்கே ஆளுக்கும் வண்டிக்கும் கட்டணம், பையைத் திறந்து பிளாஸ்டிக் சோதனை. டாப்சிலிப் தாண்டி ஆனப்பாடியில் கேரள வனத்துறை. அங்கே தனிக் கட்டணம், தனி ரசீது. இரண்டும் வேறு வேறு காப்பகம், இந்தப் பக்கம் ஆனைமலை, அந்தப் பக்கம் பரம்பிக்குளம். ஒரு ரசீதைக் காட்டி அடுத்ததில் பேரம் பேச முடியாது. இரு சக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை, எனவே பைக்கில் கிளம்பும் தம்பிமார் பொள்ளாச்சியிலேயே யோசித்துக்கொள்ளவும். வாடகை வேன் எடுத்தால் அதற்குக் கேரளாவுக்குள் போக பர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள், அதனால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பெட்ரோல் ஆனைமலையிலேயே நிரப்பிவிட வேண்டும், உள்ளே பங்க் கிடையாது. போனில் சிக்னலை நம்பி ஜிபேயில் கட்டிவிடலாம் என்று போகக்கூடாது. அப்பாவின் சுகர் மாத்திரை கூடுதலாக இரண்டு நாளைக்கு எடுத்து வைத்தாயிற்று, ஏனென்றால் அவசரத்துக்கு ஓடினாலும் பொள்ளாச்சி வரை வர வேண்டும்.

துணிமணி விஷயத்தில் ஒரு சின்ன யுத்தமே நடந்தது. காக்கி, இலைப்பச்சை, மண் நிறம் என்று எடுத்து வை என்றால், தம்பி மகன் மஞ்சள் சிஎஸ்கே பனியனை மடித்து வைத்திருக்கிறான். "புலியும் மஞ்சள்தானே அத்தை" என்கிறான். சென்ட் கூடாது, கத்தக்கூடாது, ஸ்பீக்கரில் பாட்டு கூடவே கூடாது. ட்ரோன் பற்றி அவனிடம் நான் வாயே திறக்கவில்லை, நினைவு வந்துவிடும்.

புலியைப் பற்றி மூவரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டேன். பார்க்க நிறைய வாய்ப்பிருப்பது காட்டுமாடு, புள்ளிமான், கடமான், கருமந்தி, மலையணில், மயில். அதிர்ஷ்டம் இருந்தால் யானை. இன்னும் இருந்தால் செந்நாய்க் கூட்டம். நீர்த்தேக்கத்தில் முதலை உண்டு. புலி நம்மைப் பார்க்கும், நாம் அதைப் பார்ப்போமா என்பது வேறு விஷயம். அது பக்கத்தில் இருந்தால் மானும் மந்தியும் அபாயக் குரல் கொடுக்கும். அது கேட்டாலே பாதிப் புலி பார்த்த மாதிரி என்றேன். "மீதிப் பாதி?" என்று என் மகன் கேட்டான். பதில் இல்லை. சமாதானத்துக்காக, திரும்பும் நாள் கோழிகமுத்தி முகாமில் கலீமைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். 99 ஆபரேஷனுக்குப் போய், 2023 மார்ச்சில் ஓய்வு பெற்ற கும்கி. தம்பி மகனுக்கு அதன் ஜாதகமே தெரியும். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையின் கதையும் அத்துப்படி. கேரள உயர்நீதிமன்றம் அதை முதலில் பரம்பிக்குளத்தில் விடச் சொன்னதும், ஊர்க்காரர்கள் எதிர்த்ததால் பெரியாறு காட்டில் விட்டதும், அது எந்த செக்போஸ்ட்டிலும் நிற்காமல் எல்லை தாண்டிக் கம்பத்துக்கு வந்து நின்றதும் இவன் வாயால் கேட்க வேண்டும்.

எனக்கென்று ஒரு ஆசை உண்டு. தூணக்கடவுக்குப் பக்கத்தில் கன்னிமாரா தேக்கு. சுற்றளவு ஏழு மீட்டர் அளவுக்கு, ஐந்தாறு பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும். 1994-95இல் மத்திய அரசின் மகாவிருட்ச விருது வாங்கிய மரம். நாம் ரோட்டோரம் பார்த்து "அடேயப்பா, என்ன காடு" என்று வியக்கிற தேக்கில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வெட்டி வெட்டி நட்டு வளர்த்த தோப்பு. மலை உச்சியிலிருந்து தடியை உருட்டி விட்டதால்தான் டாப்சிலிப்புக்கே அந்தப் பெயர் என்பார்கள். கொச்சி சமஸ்தானம் இந்த மரங்களை இறக்குவதற்கென்றே பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஒரு டிராம் பாதை போட்டது, அது 1907 முதல் 1963 வரை ஓடியது. அத்தனை கோடாரிக்கும் தப்பி ஒரு மரம் நிற்கிறதென்றால் பார்க்காமல் வருவது மரியாதையில்லை. அடிமரத்தில் கோடாரி பட்டதும் ரத்தம் வந்ததாகவும், பயந்துபோய் விட்டுவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். அம்மா அதைக் கேட்டதும் மஞ்சள், குங்குமம் எடுத்து வைத்துவிட்டாள்.

புக்கிங் முடிந்துவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் ஒருமுறை போன் செய்து கேட் திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. தீ, யானை நடமாட்டம் என்று ஏதாவது காரணத்தால் மூடிவிட்டால் மாற்றுத் திட்டம் ஆழியாறு, வால்பாறை. அதற்கும் 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். பாஸைக்கூட எடுத்துவிடலாம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், தம்பி மகள் நாலாவது வளைவிலேயே வாந்தி எடுப்பாள். போனமுறை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். ஆனப்பாடி கேட் திறந்தே இருக்கட்டும் என்று மாசாணியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லவில்லை.